கர்ப்பப்பையை எடுப்பதா, வைத்துக்கொண்டே சமாளிப்பதா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பல்க்கி யூட்ரஸ்' என்று இரண்டு வார்த்தை இருந்தால் போதும், எங்கள் வேலூர்ப் பக்கம் அந்தக் கர்ப்பப்பைக்கு நாள் குறித்துவிடுவார்கள். "வீங்கிக்கிட்டு இருக்காம், எடுத்துடணுமாம்" என்று சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விடும். ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சித்தி ஒருத்தர், "இன்னாத்துக்கு இந்த அவஸ்த, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்பார். இன்னொரு அக்கா, "எடுத்தா இடுப்பே விட்டுப்போயிடும், கைய வச்சிடாத" என்று பயமுறுத்துவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் உடம்புக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். கேட்கிறவளின் உடம்புக்கு எது பொருந்தும் என்பதுதான் அந்தப் பேச்சில் வராது.

இரண்டு மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாகத் தெரிவது சகஜம். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் வைத்து யாரும் எதையும் எடுக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், முடிவெடுப்பதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். தொந்தரவுக்குக் காரணம் என்ன? மாதவிலக்கு தானாக நிற்க இன்னும் எத்தனை வருஷம் பாக்கி? நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. 45 வயதில் ரத்தப்போக்கு என்று வருகிறவள் இரண்டு, மூன்று வருஷத்தைக் கடத்தினால் போதும். 35 வயதுக்காரி பத்து வருஷத்துக்கு மேல் சமாளிக்க வேண்டும், அதே சமயம் அவளுக்கு இழப்பதற்கும் நிறைய இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் 'எடுக்கலாமா வேண்டாமா' என்று பேசினால் பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரும்.

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது எட்டைத் தாண்டுகிறது. காட்பாடியைத் தாண்டினால் சித்தூர் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேயும் இங்கேயுமாக இருப்பதால் அங்கத்திய பழக்கம் இங்கே வர நேரமாகாது. எடுத்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் செய்துகொண்டவர்கள். அதிக ரத்தப்போக்கைத்தான் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காரணமாகச் சொன்னார்கள். பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்தது குறித்து 2013ல் தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத்திய சுகாதாரத் துறை 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. அதனால் "இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நம் பக்கம் இருபதுகளின் நடுவிலேயே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறவர்கள் நிறைய. அதற்கப்புறம் கர்ப்பப்பையின் மேல் யாருக்கும் மரியாதை இருப்பதில்லை. 'பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு' என்ற பேச்சு புருஷன் வீட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, அம்மா வீட்டிலிருந்தும் வரும்.

பேச்சுக்கே இடமில்லாத இடம்

புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானால் ஒப்பீடு கிடையாது. கர்ப்பப்பையின் உள்சவ்வில் வந்ததென்றால் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. கர்ப்பப்பை வாயில் வந்ததென்றால் எந்த நிலை என்று பார்த்து அறுவையா, கதிர்வீச்சா என்று முடிவு செய்வார்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும். "திரும்ப வயசுக்கு வந்துட்டேன் போல" என்று சிரித்துக்கொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கோபம்தான் வருகிறது.

அதே போல எடுக்கவே கூடாத இடமும் உண்டு. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, கர்ப்பப்பை 'வாயில் புண்' இந்த மூன்றுக்காகவும் கர்ப்பப்பையை எடுப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. வெள்ளைப்படுதல் தொற்றால் வந்தால் மாத்திரையில் போகும், புருஷனுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கலாம். இடுப்பு வலிக்குப் பாதி நேரம் முதுகெலும்பும் தசையும்தான் காரணம். புண் என்று சொல்வது பெரும்பாலும் வாய்ப்பகுதியில் தெரியும் சிவப்பு, அது புற்றுநோயும் இல்லை. சந்தேகமிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயது தாண்டியவர்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம். அதில் ஏதாவது தெரிந்தாலும், புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட முடியும்.

ரத்தப்போக்கு: எத்தனை படிகள் இருக்கின்றன

உண்மையான ஒப்பீடு தேவைப்படுவது இங்கேதான், கூட்டமும் இங்கேதான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் எங்கள் தெருவில் இருந்தார். 38 வயது. மாதத்தில் எட்டு நாள் படும், முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக. லைனில் ஒருத்தி எழுந்தால் அவளுக்கு அடுத்த மிஷினில் வேலை தேங்கும். அதனால் பாத்ரூமுக்குப் போவதற்குச் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பேட் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அந்த நாட்களில் கறுப்பு லெக்கின்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு உட்காருவார். ஹீமோகுளோபின் 7. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இப்படிப்பட்ட பெண்ணிடம் "எடுத்துடலாம்மா" என்று சொன்னால் அவர் காதில் விடுதலை என்றுதான் விழும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவருக்கு முதலில் யாரும் பார்க்கவில்லை. தைராய்டு, ரத்தம் உறைவதில் குறை ஏதும் உண்டா என்ற சோதனை, உள்வழி ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. 40, 45 தாண்டியவர்களுக்கும், உள்சவ்வு தடித்திருப்பவர்களுக்கும், ரொம்பப் பருமனானவர்களுக்கும் உள்சவ்விலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது. உள்சவ்வு '12 மி.மீ.' என்று ரிப்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு அது மாதத்தின் எந்த நாளில் எடுத்த ஸ்கேன் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். நின்றுபோன பெண்ணுக்கு 4, 5 மி.மீ. தாண்டினால்தான் அது பெரிய விஷயம்.

முதல் படி மாத்திரை. டிரானெக்சாமிக் ஆசிட் என்பதை ரத்தம் படும் நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், போக்கு கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். கால் நரம்பில் ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. வயிற்று வலியும் சேர்ந்து இருந்தால் மெஃப்தால் வகை மாத்திரை இரண்டுக்கும் உதவும். ஹார்மோன் மாத்திரைகள் இன்னொரு வகை. லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஓர்மெலாக்சிஃபீன் என்ற மாத்திரை இருக்கிறது. 'சாயா' என்ற பெயரில் அரசு மருத்துவமனையில் கர்ப்பத்தடைக்காக இலவசமாகத் தருவது அதுதான். ஹார்மோன் இல்லாத அந்த மருந்தையே அதிக ரத்தப்போக்குக்கும் மருத்துவர்கள் தருகிறார்கள், அளவுதான் வேறு. மாத்திரையின் குறை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: சாப்பிடும் வரை கேட்கும், விட்டால் திரும்பும். 45 வயதுக்காரிக்கு இது பெரிய குறையே இல்லை. 35 வயதுக்காரிக்கு அலுத்துவிடும்.

இரண்டாவது, உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம். மிரேனா என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் நாட்டுத் தயாரிப்பும் விலை குறைவாகக் கிடைக்கிறது. பார்க்கக் காப்பர் டி மாதிரியே இருப்பதால் பெண்கள் உடனே முகம் சுளிப்பார்கள்: "அது வச்சப்பதான் எனக்கு அதிகமா போச்சு." அவர்கள் சொல்வது சரி, காப்பர் டி போக்கைக் கூட்டலாம். இது குறைக்கிற சாமான். கர்ப்பப்பைக்குள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோனை விட்டு உள்சவ்வை மெலிய வைக்கும். ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிடும். குறைந்தது ஐந்து வருஷம் வேலை செய்யும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இதை வைத்துக்கொண்ட நிறையப் பேர் மூன்றாவது மாதமே எடுத்துப் போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை திட்டுத் திட்டாக, எந்த நாள் என்று தெரியாமல் படும். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், நோன்பு, தொழுகை என்று நாள் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் அது பெரிய தலைவலி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பெண்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எந்த மருத்துவரும் முன்கூட்டி அதைக் கேட்பதில்லை. அடுத்த பயம், சுத்தமாக நின்றுபோவது. ஒரு வருஷத்தில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே வராமல் போகும். "அழுக்கு ரத்தம் எங்கே போகும், உள்ளே தேங்காதா?" என்பார்கள். சவ்வு வளரவே இல்லை என்றால் தேங்குவதற்கு எதுவும் இல்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பொறுத்திருப்பார்கள்.

இந்தச் சாதனத்தையும் கர்ப்பப்பையை எடுப்பதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ஃபின்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. அதிக ரத்தப்போக்குள்ள 236 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது என்று பிரித்தார்கள். ஐந்து வருஷ முடிவு 2004ல் வெளியானது. இரண்டு பக்கமும் பெண்களின் உடல்நலமும் மனநிறைவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, செலவு மட்டும் சாதனம் வைத்தவர்களுக்குக் குறைவு. ஆனால் சாதனம் வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் அந்த ஐந்து வருஷத்துக்குள் கடைசியில் அறுவைக்குத்தான் போனார்கள். இந்த எண்ணைக் காட்டி "பார்த்தியா, எப்படியும் எடுக்கத்தான் போற" என்று சொல்லலாம். மீதி 58 பேர் கத்தி படாமலே தப்பித்தார்கள் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி. தோற்றாலும் அறுவைக் கதவு திறந்தேதான் இருக்கும். எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க முடியாது.

உள்சவ்வைச் சூட்டால் பொசுக்கிவிடும் முறையும் ஒன்று உண்டு. இனி பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, சிலருக்குச் சில வருஷத்தில் மறுபடி தொடங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரத்தசோகையைச் சரிசெய்வது கூடவே நடக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்புச்சத்து ஊசியை டிரிப்பில் ஏற்றுவார்கள், அரசு மருத்துவமனையிலும் உண்டு. நம் ஆம்பூர் அக்கா இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா முதலில் அதைத்தான் செய்தார், அப்புறம் சாதனம். நாலு மாதம் என்னிடம் புலம்பித் தீர்த்தார், "டெய்லி ஒரு பேட் போகுது, இதுக்கு அதுவே தேவல" என்று. இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் "ஆமா, அது ஒண்ணு உள்ள கிடக்குது" என்பதோடு விட்டுவிடுகிறார்.

கட்டி

நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, ஏராளமான பெண்களுக்கு இருக்கும். பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாதவிலக்கு நின்ற பிறகு தானாகச் சுருங்கும். அதனால் 'கட்டி இருக்கு' என்பது மட்டும் எடுக்கக் காரணம் ஆகாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். உள்சவ்வை ஒட்டிய சின்னக் கட்டிதான் அதிகம் ரத்தம் கொட்டவைக்கும், அதைக் கீழ்வழியாகக் கருவி விட்டு வெட்டி எடுத்துவிடலாம், வயிற்றில் தையலே கிடையாது. பிள்ளை வேண்டுமென்பவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை உண்டு. ஆனால் அதிலும் ரத்தச் சேதம் உண்டு, புதுக் கட்டி முளைக்கவும் வாய்ப்பு உண்டு. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துச் சுருங்கவைக்கும் முறை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்தவள் ஒருத்தி, 44 வயது, சத்துவாச்சாரியில் இருக்கிறாள். கர்ப்பப்பை பதினாறு வாரக் கர்ப்பம் அளவுக்கு இருந்தது. மூத்திரப்பை அழுந்தி ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பாள். மாத்திரையும் ஊசியுமாக ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தாள், எடுத்தால் பெண்மை போய்விடும் என்ற பயத்தில். எடுத்த பிறகு அவள் சொன்னது: "இதுக்கா இவ்ளோ நாள் பயந்தேன்?" இவ்வளவு பெரிய கட்டி, வேறு எதற்கும் மசியாத போக்கு, சம்மதமான மனசு, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கர்ப்பப்பையை எடுப்பது நல்ல சிகிச்சை. 'எடுத்துட்டாளாம்' என்று பரிதாபப்பட்டுப் பேசுவதை நிறுத்தினால் நல்லது.

அடி இறங்குவது

கர்ப்பப்பை கீழே இறங்கி வருவதைத்தான் பெண்கள் கடைசி வரை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று 1900ல் டாக்டர் ஐடா ஸ்கட்டர் வேலூரில் சின்னதாகத் தொடங்கிய வைத்தியம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் வந்த ஊர் இது. இருந்தும் குடியாத்தத்தில் என் அத்தை கீழே ஏதோ தட்டுப்படுகிறது என்பதைச் சொல்லப் பல வருஷம் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்கச் சம்மணம் போட்டுப் பீடி சுற்றுகிறவர். உட்கார்ந்தால் உறுத்தும், அதனால் ஒருக்களித்து உட்கார்ந்தே சுற்றுவார். தும்மினால் மூத்திரம் சொட்டும்.

லேசான இறக்கத்துக்கு இடுப்படித் தசைப் பயிற்சி, மலச்சிக்கலையும் இருமலையும் சரிசெய்வது, குடம் தூக்குவதை நிறுத்துவது போதும். அடுத்தது வளையம், பெஸரி என்பார்கள். உள்ளே வைத்துக்கொண்டால் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். வயதானவர்கள், சர்க்கரை, இதயநோய் என்று மயக்க மருந்துக்குத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய வரம். அத்தைக்கு அதுதான் பொருந்தியது.

அறுவைக்குப் போவதென்றால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தாங்கும் தசையையும் சேர்த்துத் தைப்பீர்களா? கால் சாய்ந்த பந்தலில் மேல்கீற்றை மட்டும் பிடுங்கினால் கால் நிமிராது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் சில வருஷத்தில் பிறப்புறுப்பின் மேல்பகுதியே கீழே இறங்கும், மூத்திரப்பையும் கூட வரும். இளவயதுக்காரர்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமல் மேலே இழுத்துக் கட்டும் அறுவையும் இருக்கிறது.

எடுப்பது என்று முடிவானால்: சினைப்பையைத் தனியாகக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபுல்லா எடுத்துட்டாங்க' என்று பெருமையாகச் சொல்கிற பெண்களிடம் சினைப்பை இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கர்ப்பப்பை வேறு, சினைப்பை (ஓவரி) வேறு. கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் நிற்கும். இரண்டு சினைப்பையையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். உடம்பு திடீரென்று கொதிப்பது, ராத்திரி வியர்வையில் நனைவது, தூக்கம் போவது, அப்புறம் எலும்பு தேய்வதும் இதயத்துக்கு வரும் ஆபத்தும். கர்ப்பப்பை எடுத்தால் இடுப்பு போகும், எலும்பு போகும் என்ற ஊர்ப்பேச்சில் பெரும்பகுதி சினைப்பையை எடுத்ததன் கதைதான்.

அதனால் 45 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, சினைப்பையில் நோய் எதுவும் இல்லையென்றால், அதை விட்டுவைப்பதுதான் சரி. 'எப்படியும் வயிற்றைத் திறக்கிறோம், பிற்காலத்தில் கேன்சர் வராமல் இருக்க அதையும் எடுத்துடலாம்' என்ற வாதம் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் இருந்த குடும்பங்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்குச் சினைக்குழாயை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விடும் வழி இருக்கிறது, அதிலேயே பிற்காலத்துச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு குறைகிறது. ஏதோ காரணத்தால் சினைப்பையை எடுத்தே ஆக வேண்டியிருந்தால், ஐம்பது வயது வரையாவது ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். இன்னொன்று, சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது ஓரிரு வருஷம் முன்னதாகவே ஓய்ந்துவிடும். 35 வயதில் எடுக்கத் தயங்கச் சொல்வது இதனாலும்தான்.

எந்த வழியாக எடுப்பது என்பதில் நம்மவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி மோகம் அதிகம். 'ஓட்டை போட்டுச் செய்றது' என்றால் உசத்தி, மற்றதெல்லாம் பழசு என்று நினைப்பு. முடிந்த இடத்தில் எல்லாம் கீழ்வழியாக எடுப்பதே நல்லது என்பதுதான் மருத்துவ உலகின் பொதுக்கருத்து. வயிற்றில் தழும்பில்லை, செலவும் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். அது ஒத்துவராதபோது லேப்ராஸ்கோப்பி. ரொம்பப் பெரிய கட்டி, பழைய சிசேரியன் ஒட்டல், புற்றுநோய் என்றால் வயிற்றைத் திறப்பதும் சரியே. எதில் செய்தாலும் மூத்திரப்பை, மூத்திரக்குழாயில் காயம், ரத்தப்போக்கு, தொற்று, காலில் ரத்தக்கட்டு என்று கொஞ்சம் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், துர்நாற்றத்தோடு கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குவது, தன்னையறியாமல் மூத்திரம் ஒழுகுவது எதுவானாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

பெண்கள் என் காதோடு கேட்கும் கேள்வி வேறு. "அதுக்கப்புறம் அவருக்கு நான் சரிப்பட்டு வருவேனா?" உள்தையல் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை சேரக் கூடாது. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ரத்தப்போக்கும் வலியும் தொல்லையாக இருந்தவர்களுக்கு முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. சிலருக்கு ஆசை குறையும், வறட்சி வரும். சினைப்பையும் போனவர்களுக்கு அது அதிகம், அதற்கும் களிம்பு இருக்கிறது. உடம்பு பெருப்பது பற்றிக் கேட்டால், படுக்கவைத்து ஆறு வாரமும் நெய் ஊற்றிச் சாப்பாடு போட்டால் கர்ப்பப்பை இருக்கிறவளும்தான் பெருப்பாள்.

எங்கே, எப்போது

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவுக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் போகலாம், ஆனால் முன்அனுமதி வாங்கிய பிறகுதான். 'கார்டு இருக்கு, ஃப்ரீதான்' என்பது எடுப்பதற்கான காரணம் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஷூ, தோல் கம்பெனிகளில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், தகுதிக்கான நாட்கள் வேலை பார்த்திருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். பல பெண்கள் இது தெரியாமல் மூன்றாவது வாரமே மிஷினில் போய் உட்காருகிறார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் கூலி வேலைக்காரர்களுக்கும் இந்த வசதி இல்லை. அவர்கள் ஆறு வாரக் கூலி இழப்பையும் செலவில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பிய ரிப்போர்ட் சில நாள் கழித்து வரும். பலர் அதை வாங்கவே போவதில்லை. சந்தேகப்படாத புற்றுநோய் எப்போதாவது அதில்தான் தெரியவரும். கர்ப்பப்பை வாயையும் எடுத்தார்களா, சினைப்பை எத்தனை மிச்சம் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாய் மிச்சமிருந்தால் அதற்கான பரிசோதனையைத் தொடர வேண்டும்.

கடைசியாக நாள். பள்ளி விடுமுறை என்று எல்லோரும் மே மாதத்தைக் குறிக்கிறார்கள். அம்மா வந்து சமைத்துப் போடுவார், பிள்ளைகளும் வீட்டில் இருக்கும், சரிதான். ஆனால் கத்திரி வெயிலில் வேலூரில் தையலோடு கிடப்பது லேசுப்பட்டதில்லை. கரண்ட் போனால் வியர்த்துத் தையல் ஈரமாகும். புற்றுநோய் இல்லை என்று உறுதியாகிவிட்டால் அவசரம் எதுவும் இல்லை. மே மாதம் முடிவு செய்தவர்கள் ஆவணிக்குத் தள்ளிப்போடலாம். ஹீமோகுளோபினைப் பத்துக்கு மேல் ஏற்ற அந்த மூன்று மாதம் வேண்டும். இன்னொரு டாக்டரிடம் காட்டவும் அதற்குள் நேரம் கிடைக்கும். மாத்திரையிலேயே போக்கு அடங்குகிறதா என்பதும் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.